பன்னீர் படாத பூ

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அங்கே வைத்திருக்கும் பூவை விரலால் ஒரு தடவை தடவிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஒன்பது வருடம் வெளிநாட்டில் ஒரு பெரிய வீட்டில் வேலை செய்தேன். அந்த வீட்டு எசமானிக்கு சில்க் பூ என்றால் உயிர். மாடிப்படியின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஆளுயரச் சாடி வைத்திருந்தாள். தினமும் காலையில் ஒரு சின்ன பிரஷ்ஷால் ஒவ்வோர் இதழாக நான் துடைக்க வேண்டும். துடைத்து முடித்ததும் அவள் வந்து நடுவிரலை ஓர் இதழில் வைத்து இழுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். தூசி இருந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டாள். விரலை என் முகத்துக்கு நேரே நீட்டுவாள், அவ்வளவுதான். அந்த விரலை ஒடித்துப் போட வேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டிருப்பேன்! கடைசியில் அதே விரல் எனக்கும் முளைத்துவிட்டது.

சில்க் பூ என்று சொல்கிறோமே தவிர, பட்டுக்கும் அதற்கும் ஒரு சொந்தமும் இல்லை. பொலியஸ்டர் துணியை இதழாக வெட்டி, கஞ்சி போட்டு விறைப்பாக்கி, கம்பியில் ஒட்டுகிறார்கள். இலங்கையின் கிழக்கே எங்கள் கரையில் அது இல்லாத வீட்டு முன் ஹோல் கிடையாது. கடல் காற்றில் உப்பும் ஈரமும் கலந்து வரும், ரோட்டுத் தூசி அதில் வந்து ஒட்டும். ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் வெள்ளைப் பூ சாம்பல் நிறத்துக்குப் போய்விடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததை வாயை மூடிக்கொண்டு வைத்திருக்கத்தான் தெரியவில்லை.

நான் ஊருக்குத் திரும்பி வந்த வருடம், ஹஜ்ஜுப் பெருநாளன்று சாய்ந்தமருதில் இருக்கும் காக்கா வீட்டுக்குப் போனேன். காக்கா எனக்கு ஒரே அண்ணன். ஹோலில் யாரோ நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். காக்காவின் மனைவி, என் மச்சி, அவர்களுக்கு வட்டிலப்பம் வைத்துக்கொண்டிருந்தாள். ஷோகேஸின் மேல் ஒரு கண்ணாடிச் சாடி நிறைய வெள்ளைப் பூ. உருண்டை உருண்டையாகக் கொத்தாக இருக்குமே, அந்த வகை. என் விரல் என்னைக் கேட்காமலே போய் ஒரு கொத்தைத் தடவியது. திருப்பிப் பார்த்தால் கரி பிடித்த மாதிரி இருந்தது. நான் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் கேட்க, “என்ன மச்சி, போன பெருநாளோட இந்தப் பூவுக்குத் தண்ணி காட்டல்லியா?” என்றேன்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். மச்சி சிரிக்கவில்லை. அவள் கையில் இருந்த தட்டு மேசையில் இறங்கிய சத்தம் மட்டும் இன்னும் என் காதில் இருக்கிறது.

அவர்கள் யாரென்று பிறகுதான் தெரிந்தது. என் மருமகளை, காக்காவின் ஒரே மகளை, சம்பந்தம் பேசிப் பார்க்க வந்தவர்கள். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் வீட்டையும் பார்ப்பார்கள். சுவரைப் பார்ப்பார்கள், குசினியைப் பார்ப்பார்கள், கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்க வந்தவர்களிடம் நான் போய் விரலில் ஊத்தையை எடுத்துக் காட்டியிருக்கிறேன். இரண்டு கிழமையில் அந்தச் சம்பந்தம் நின்றது. மாடி இன்னும் கட்டி முடியவில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். மச்சிக்கு அந்தக் காரணம் ஏறவில்லை.

அதன் பிறகு மூன்று வருடம் அவள் என்னோடு கதைக்கவில்லை. சந்தையில் எதிரே வந்தால் முந்தானையை இழுத்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள். காக்கா மட்டும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும் வழியில் என் வீட்டில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். மன்னிப்புக் கேட்கலாம்தான். ஆனால் என் வாய் இருக்கிறதே, குத்திக் காட்டுவதென்றால் முந்திக்கொண்டு வரும். இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் பூட்டுப் போட்டுக்கொண்டது.

அந்த மூன்று வருடத்தில் நான் கலியாண மேடை செய்யத் தொடங்கியிருந்தேன். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் செட்டி சோபாவுக்கு மேலே, ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகையில் வளைவு வெட்டி, அதில் சில்க் பூவைக் குத்தி நிரப்புவது. ஒன்பது வருடம் துடைத்த பூவின் மேல் பிறகு ஒரு பிரியம் வந்தது என்று சொன்னால் அது பொய். எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

ஒருநாள் காலையில் யாரோ வாசல் கேற்றைத் தட்டினார்கள். திறந்தால் மச்சி நிற்கிறாள். உள்ளே வரவில்லை.

“மகளுக்கு நாள் வெச்சிரிக்கி,” என்றாள். “மேடைய மாமிதான் செய்யோணும் எண்டு ஒத்தக் காலுல நிக்கிறா. நான் கேக்கல்ல. அவதான் கேக்கிறா.”

“ஓம் மச்சி,” என்றேன். அவள் சொல்லி முடிக்கவே இல்லை, அதற்குள் சம்மதம் சொல்லிவிட்டேன்.

கேற்றை மூடிவிட்டு அங்கேயே சற்று நேரம் நின்றேன். உம்மாவும் வாப்பாவும் மவுத்தாகிவிட்டார்கள். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. என்னுடைய வீடு என்று நான் நினைத்துப் போய்வர இருந்தது காக்கா வீடு ஒன்றுதான். இந்தக் கலியாணத்திலும் என் கையால் ஒரு குறை வந்தால் அந்த வாசலை இனி மிதிக்கவே முடியாது. பயமாக இருந்தது. அதைவிட ஆசையாகவும் இருந்தது.

மருமகள் போனில் ஒரு படம் காட்டினாள். மேடை முழுக்க இளநீலக் கொத்துப் பூ. “இந்த நிறம்தான் மாமி. வேற நிறம் எண்டா எனக்கு வேணா.” கல்முனைக் கடைகளில் சிவப்பு இருந்தது, ரோஸ் இருந்தது, கண்ணைக் குத்தும் மஞ்சள் இருந்தது. நீலம் இல்லை. கொழும்புக்குச் சொல்லி எடுப்பித்தோம். பார்சலைப் பிரித்தால் கத்தரிக்காய் நிறம். கலியாணத்துக்கு நாலு நாள்தான் இருந்தது. மருமகள் அழத் தொடங்கிவிட்டாள்.

அன்று பின்னேரம் மச்சி ஓட்டோவில் வந்து இறங்கினாள். கையில் பெரிய பை. அதை என் முன்னால் வைத்து, “வெள்ளைக்கு நீலம் அடிக்க ஏலும்தானே?” என்றாள். உள்ளே அந்த ஷோகேஸ் பூ. மூன்று வருடத்துக்கு முன் நான் தடவிய அதே கொத்துகள். அவற்றோடு அவள் உறவுக்காரர் வீடுகளில் கேட்டு வாங்கிய வெள்ளைப் பூவும் இருந்தது. அவளுடைய கொத்துகள் மட்டும் பழைய கைக்குட்டை மாதிரித் தொய்ந்து கிடந்தன. ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பூவைப் பற்றி வாயைத் திறக்க எனக்கு என்ன பைத்தியமா?

மருதமுனையில் நெசவு நூலுக்குச் சாயம் போடும் ஒருவரிடம் போனேன். அவர் ஓர் இதழைக் கசக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். “இது நூல் இல்ல ராத்தா, பொலியஸ்டர். எங்கட சாயம் இதில பிடியா. கஞ்சியில கரைச்சு முக்கி எடுங்க, மேலால ஒட்டிக்கிட்டு நிக்கும். காஞ்சா வடிவா இரிக்கும். ஆனா தண்ணி பட்டா இறங்கிரும், சொல்லிட்டன்.”

தண்ணீர் எங்கிருந்து படப் போகிறது? நல்ல வெயில் காலம். மேடை ஹோலுக்குள்ளே இருக்கிறது. அப்படியும் நான் காக்கா வீட்டுக் கூரையில் ஓடு உடைந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஏசி சொட்டுகிறதா என்று கையை வைத்துப் பார்த்தேன். ஜூஸ் தட்டு அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லி வைத்தேன். இரண்டு நாள் கஞ்சியும் சாயமுமாக நின்று, பூவை முக்கி எடுத்துக் கொடியில் காயவிட்டேன். காய்ந்ததும் அச்சாக அந்தப் படத்தில் இருந்த நிறம். தொய்ந்து கிடந்த மச்சியின் பூவும் கஞ்சி குடித்து நிமிர்ந்து நின்றது. மேடை கட்டி முடிந்ததும் மருமகள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மச்சி கதவோரம் நின்று பார்த்தாள். “வடிவா இரிக்கி,” என்றாள். மூன்று வருடத்தில் அவள் எனக்குச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

கலியாணத்தன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் நிக்காஹ். அது முடிந்து மாப்பிள்ளை ஊர்வலமாகப் பெண் வீட்டுக்கு வருவார். ஹோல் நிறையப் பெண்கள். மருமகள் வெள்ளைச் சாரியில் நீலத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு மூலையில் நின்று, அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையும் இல்லை என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சு முழுதாக வெளியே வரவில்லை, நிக்காஹ் முடிந்து முன்னால் வந்துவிட்ட காக்கா ஷோகேஸைத் திறந்து பன்னீர்ச் செம்பை வெளியே எடுத்தார்.

மழையை நினைத்தேன், கூரையை நினைத்தேன், ஜூஸை நினைத்தேன். பன்னீரை நினைக்கவில்லை. எங்கள் கலியாணம் எதிலும் அது இல்லாமல் இருந்ததில்லை. மாப்பிள்ளை மேடையில் ஏறி உட்கார்ந்ததும் பெண்கள் குரவை போடுவார்கள். பெண்ணின் வாப்பா வெள்ளிச் செம்பைத் தலைக்கு மேலே தூக்கி, இரண்டு பேர் மேலும் மூன்று தரம் வீசித் தெளிப்பார். பிறந்ததிலிருந்து பார்த்து வருகிற ஒன்று அது. அதுவும் தண்ணீர்தான் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

வளைவின் பின்பக்கம் போய், தண்ணீரில் நனைத்த கையால் ஒரு பூவைத் தொட்டேன். நீலம் விரலில் வழிந்து மணிக்கட்டு வரை வந்தது. கீழே மருமகளின் வெள்ளைச் சாரி. அவளுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை வந்து உட்காரப் போகிறது. இரண்டு குடும்பமும் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கப் போகிறது.

அப்போது நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. காக்கா செம்பில் பன்னீரை நிரப்பி மேசையில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினார். நான் செம்பைத் தூக்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டுபோய், மாப்பிள்ளை அறையில் ரெஜிபோம் துண்டுகள் கிடந்த என் பெட்டிக்குள் வைத்து மூடினேன். செம்பு இல்லாவிட்டால் தெளிப்பும் இல்லை. என் புத்தி அவ்வளவு தூரம்தான் போனது.

ஐந்து நிமிடத்தில் வீடே அமளியாகிவிட்டது. செம்பு எங்கே, செம்பு எங்கே என்று ஆளாளுக்குத் தேடினார்கள். காக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. எல்லாப் பெண்களுக்கும் முன்னால் மச்சியைப் பார்த்து, “ஒரு சாமான் வெச்ச இடத்தில இரிக்கிதா இந்த வீட்டுல? இதுதானா நீ வீடு பாக்கிற லெச்சணம்?” என்று கத்தினார்.

நான் மச்சியின் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பெருநாளன்று வட்டிலப்பத் தட்டோடு நின்றாளே, அதே முகம். திரும்பவும் ஊர் கூடிய இடத்தில், திரும்பவும் என்னால். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

அவள் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன். பெட்டியைத் திறந்து செம்பைக் காட்டினேன். “நான்தான் மச்சி ஒளிச்சு வெச்ச. அந்தச் சாயம் தண்ணி பட்டா இறங்கிரும். பன்னீர நான் நினைக்கல்ல. வல்லாஹி, மறந்துபோயிட்டன்.” நீலம் பிடித்த மணிக்கட்டையும் காட்டினேன்.

மச்சி செம்பைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். “எந்தப் பூ?”

“எல்லாம்தான். உங்கட பூவுல கூட இறங்கும்.”

“இறங்கும்தான்,” என்றாள் மச்சி. “அதில முதல் இருந்த கஞ்சி எங்க இரிக்கி? மூணு வருசமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கழுவுறன். நீ எப்ப வந்து விரல வைப்பியோ எண்டு.”

எனக்கு அழுகை உடைந்துகொண்டு வந்தது. மூன்று வருடம். காக்கா என் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இவள் பைப்படியில் குந்தியிருந்து அந்தப் பூவைத் தேய்த்திருக்கிறாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினேன்.

“இப்ப அழாத புள்ள,” என்றாள் மச்சி. “அழுறதெண்டா மேடைக்குக் கிட்டப் போகாத. தண்ணி பட்டா இறங்கும் எண்டு நீதானே சொன்ன.”

சொல்லும்போது அவள் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஊர்வலம் தெரு முனைக்கு வந்துவிட்டது, றபான் மேளச் சத்தம் கேட்டது. மச்சி செம்பை எடுத்துக்கொண்டு, தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். அவள் ஹோலைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, நேரே கேற்றடிக்குப் போவதைப் பார்த்து நானும் பின்னால் ஓடினேன்.

“இஞ்ச வாங்க,” என்று காக்காவைக் கூப்பிட்டுச் செம்பைக் கையில் கொடுத்தாள். “கேற்றடியில வெச்சுத் தெளிங்க.”

காக்கா விழித்தார். “மேடையிலதானே தெளிக்கிற?”

“எங்கட உம்மா வீட்டுல கேற்றடியிலதான். மாப்பிள்ள தெருவால வாறவர், மணத்தோடதான் உள்ளுக்கு வரோணும்.”

மச்சியின் உம்மா வீட்டில் நடந்த கலியாணம் எத்தனைக்கோ நான் போயிருக்கிறேன். அப்படி ஒரு வழக்கம் அந்த வீட்டில் மட்டுமல்ல, உலகத்தில் எங்குமே இல்லை. ஆனால் மச்சி சொன்ன விதத்தில் காக்காவே நம்பிவிட்டார். மாப்பிள்ளை கேற்றைத் தாண்டும்போது காக்கா தெளித்தார். குரவை கிளம்பியது. மச்சி செம்பைத் திரும்ப வாங்கி, மாப்பிள்ளையின் உம்மாவுக்கும் பெரியம்மாமாருக்கும், ஊர்வலத்தில் வந்த கடைசிப் பிள்ளை வரைக்கும் தெளித்தாள். தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள், ஒரு சொட்டும் மிச்சம் இல்லை. கடல் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. முற்றத்தைக் கடந்து மேடைக்கு வருவதற்குள் மாப்பிள்ளையின் சட்டை காய்ந்துவிட்டது.

அதன் பிறகும் நான் வளைவுக்குப் பக்கத்தில் காவல்காரன் மாதிரி நின்றேன். சர்பத் கிளாஸோடு வந்த பிள்ளைகளை விரட்டினேன். மாப்பிள்ளையின் நெற்றி வேர்த்தபோது மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினேன். எல்லாரும் சாப்பிட எழுந்து போன பிறகு மருமகளின் சாரியைத் தோளிலிருந்து கரை வரைக்கும் கண்ணால் தேடினேன். வெள்ளை, முழுக்க வெள்ளை. அங்கே கிடந்த ஒரு பிளாஸ்டிக் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். உடம்பில் இருந்த பாரமெல்லாம் இறங்கிய மாதிரி இருந்தது. அன்று சாப்பிட்ட புரியாணி போல ருசியான ஒன்றை நான் இன்னும் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் காலையில் மேடையைப் பிரித்தேன். மச்சியும் நானும் பின்பக்கப் பைப்படியில் இரண்டு பேசினில் சோப்புத் தூள் கரைத்து, பூவைக் கழுவத் தொடங்கினோம். நீலம் தென்னை அடிக்கு ஓடியது. வெயில் ஏறும் வரைக்கும் நாங்கள் பேசியது பேசின், தண்ணீர், கொடி, இவ்வளவுதான். இன்று கேட்காவிட்டால் இனி ஒருநாளும் கேட்கமாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

“மச்சி,” என்றேன். “அண்டைக்கு அந்தப் பெருநாள் நான் செஞ்சது பெரிய பிழை. மாப் பண்ணுங்க.”

அவள் கழுவி வைத்திருந்த ஒரு வெள்ளைக் கொத்தை எடுத்து, தண்ணீரை உதறி, என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“விரல வெச்சுப் பாரு.”

வைத்துப் பார்த்தேன். இழுத்தேன். திருப்பி வெயிலில் பார்த்தேன். “ஒண்டும் இல்ல மச்சி.”

“எனக்குச் சொல்லாத. எனக்குத் தெரியும்,” என்றாள். “அண்டைக்குச் சொன்ன மாதிரிச் சொல்லு. ஊருக்குக் கேக்கோணும்.”

நான் எழுந்து நின்றேன். ஈர விரலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி, “மச்சியிட பூவுல ஒரு தூசி இல்ல!” என்று கத்தினேன்.

“என்னகா? என்ன இல்லயாம்?” என்று பக்கத்து வீட்டு ராத்தா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

மச்சி குனிந்து பூவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் சிரிப்பில் குலுங்கியது. நான் இன்னொரு தரம் சொன்னேன், முதல் தரத்தைவிடச் சத்தமாக.